ஏறாத டயர், இறங்காத கம்பி

சைக்கிள் டயரை ரிம்மில் ஏற்றும் வேலையில் முக்கால் பங்கு யாருக்கும் வரும். மதிப்பீட்டுக்கு உரியது கடைசி ஒரு சாண்தான். அதுவரை விரலுக்கு இணங்கி வந்த டயர் அந்த இடத்தில் மரக்கட்டையாகிவிடும். இந்தப் பக்கம் அழுத்தினால், அந்தப் பக்கம் ஏற்றியது நழுவி வெளியே வரும். கட்டைவிரல் நுனி வெளுக்கும். கண் தானாக லீவரைத் தேடும். அந்த ஒரு சாணைக் கடக்க ஊரில் வழிகளுக்குப் பஞ்சமில்லை. திருப்புளியால் நெம்புவோர் உண்டு. சோப்புத் தண்ணீர் பூசுவோர் உண்டு. டயரை வெயிலில் காயப்போடுவோர் உண்டு. வெறுங்கையை மட்டும் நம்புவோரும் உண்டு. ஒவ்வொரு வழிக்கும் சாட்சி சொல்ல ஆள் இருக்கிறது. ஆனால் ஒரு வழி ஒருமுறை பலித்தது என்பது அதன் தகுதிக்குச் சான்றாகிவிடாது. டயர் ஏறியது அந்த வழியாலா, அந்த வழியையும் மீறியா என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அளவுகோல்களை முதலில் வைத்துவிடுவோம். ஒன்று, சேதமின்மை: வேலை முடிந்தபின் ட்யூபும் டயரும் ரிம்மும் முன்பிருந்தபடியே இருக்க வேண்டும். இரண்டு, உடல்வலுவைச் சாராமை: அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பதினொன்றாம் வகுப்பு மாணவிக்கும் அது கைவர வேண்டும். மூன்று, எளிமை: கடை இல்லாத சாலையில், பையில் அடங்கும் பொருள்களைக் கொண்டே செய்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நான்கு, காரணத் தெளிவு: ஏன் பலிக்கிறது என்று சொல்லத் தெரிந்த முறைதான் அடுத்த சக்கரத்திலும் பலிக்கும். நான்கிலும் நான் முதலிடம் தருவது கடைசிக்கு. காரணம் தெரிந்த கை மற்ற மூன்றையும் தானே தேடிக்கொள்ளும்.

எடைபோடத் தொடங்குமுன், தவறாகத் தொடுக்கப்பட்ட வழக்குகளைத் தள்ளுபடி செய்தாக வேண்டும். பிடிவாதம் பிடிப்பதாகப் பழி சுமக்கும் டயர்களில் ஒரு பகுதி அந்த ரிம்முக்கு உரியவையே அல்ல. குற்றம் பெயரிட்ட முறையில் இருக்கிறது. அங்குலப் பெயர்கள் டயரின் வெளிவட்டத்தைத் தோராயமாகச் சொல்பவை. ரிம்மில் கம்பி உட்காரும் வட்டத்தைப் பற்றி அவை வாயே திறப்பதில்லை. 26 அங்குலம் என்ற ஒரே பெயருக்குக் கீழே 559, 571, 584, 590, 597 மி.மீ. என ஐந்து வேறு வட்டங்கள் குடியிருக்கின்றன. பள்ளிக் கணக்கில் 1.75 என்பதும் 1¾ என்பதும் ஒன்றுதான். டயர்க் கடையில் 26 × 1.75 என்றால் 559, 26 × 1¾ என்றால் 571. தசமத்தில் எழுதியதும் பின்னத்தில் எழுதியதும் ஒன்றுக்கொன்று மாற்றாகா என்பதைத் தன் பெயரால் ஒரு விதியாகவே வகுத்தார் அமெரிக்க மெக்கானிக் ஷெல்டன் பிரவுன். விதியில் கேலி கலந்திருக்கிறது. உண்மையும் குறையாமல் இருக்கிறது. நம் ஊர் ராடு பிரேக் சைக்கிளின் 28 × 1½ டயருக்கு வட்டம் 635 மி.மீ. இன்றைய மலைச் சைக்கிளின் 29 அங்குல டயருக்கு 622. பெயரில் பெரியவர் அளவில் சிறியவர். சாலைச் சைக்கிளின் 700சி டயருக்கும் அதே 622 தான். ஆகவே டயரின் பக்கச்சுவரில் ஐ.எஸ்.ஓ. 5775 முறைப்படி அச்சிட்ட எண்ணை, உதாரணமாக 40-635 என்பதை, முதலில் படிக்க வேண்டும். முன்னது அகலம், பின்னது வட்டத்தின் விட்டம். பின்னது ரிம்மின் எண்ணோடு பொருந்தாவிட்டால் எந்தத் திறமையும் உதவாது. பொருந்தினால்தான் நம் விசாரணை தொடங்குகிறது.

பொருந்திய டயரும் ஏன் ஏற மறுக்கிறது? 1890இல் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் காப்புரிமை பெற்ற வடிவம்தான் இன்றும் நம் கையில் இருக்கிறது: டயரின் இரு ஓரங்களிலும் நீளாத கம்பி வளையம், ரிம்மின் நடுவில் சுற்றிலும் ஓடும் பள்ளம். பள்ளத்துக்கு இருபுறமும் கம்பி உட்காரும் மேடை. மேடைக்கு வெளியே உயர்ந்து நிற்கும் விளிம்பு. காற்றடித்தபின் டயர் கழன்று ஓடாமல் இருக்கக் காரணம், கம்பி வளையம் விளிம்பைவிடச் சிறியது, நீளவும் நீளாது என்பதுதான். இங்கேதான் வடிவமைப்பின் முரண் இருக்கிறது. கழன்று ஓடாத அளவுக்குச் சிறிய வளையம் ஏறும்போது மட்டும் எப்படி அந்த விளிம்பைத் தாண்டும்? விடை பள்ளத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கம்பி மேடையை விட்டுப் பள்ளத்தில் இறங்கினால், அங்கே மிச்சமாகும் நீளம் எதிர்ப்பக்கத்துக்கு வந்து சேரும். கணக்கு எளியது: அரைச் சுற்றுக்குக் கம்பி 1 மி.மீ. இறங்கினால் 3.14 மி.மீ. நீளம் மிச்சம். பள்ளம் 3 மி.மீ. ஆழம் என்றால் 9 மி.மீ.க்கும் மேல் மிச்சம். கடைசி ஒரு சாணின் வழக்கு முழுவதும் இந்த 9 மி.மீ.யைப் பற்றியதுதான். வெல்ச்சின் சாதனையாக எல்லோரும் சொல்வது கம்பியை. எனக்குப் பள்ளம்தான் பெரிதாகப் படுகிறது. கம்பி டயரைப் பிடித்துவைக்க மட்டுமே தெரிந்தது. பிடித்துவைக்கவும் விட்டுக்கொடுக்கவும் ஒரே உருவத்தில் இடம் தந்தது பள்ளம்.

இந்தக் கணக்கை ஒப்புக்கொண்டால் பல முறைகளின் தரம் தானாகவே வெளிப்பட்டுவிடும். கேள்வி ஒன்றுதான்: இந்த முறை கம்பியைப் பள்ளத்தில் இறக்குகிறதா, இறக்காமல் மேலே இழுக்கப் பார்க்கிறதா?

வெயில் முறையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆதரவு அதிகம், ஆதாரம் குறைவு. சூட்டில் டயர் விரியும் என்பது வாதம். 635 மி.மீ. வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1995 மி.மீ. எஃகுக் கம்பி 30 டிகிரி சூடேறினால் அதில் கூடும் நீளம் 0.7 மி.மீ. பள்ளம் தரும் 9 மி.மீ.க்கு முன்னால் இது தூசு. சக்கரமும் அதே வெயிலில் கிடந்தால், ரிம் எஃகு என்றால் ஆதாயம் பூஜ்யம். அலுமினியம் என்றால் நஷ்டம், ஏனென்றால் அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். ஆயினும் வெயிலில் வைத்த டயர் எளிதாக ஏறியது என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. மடித்து விற்கப்படும் டயரில் மடிப்பு நிமிர்ந்திருக்கும், ரப்பர் இளகியிருக்கும், கைக்கு வசப்பட்டிருக்கும். பலன் உண்மை, சொன்ன காரணம் தவறு. திறனாய்வில் இப்படிப்பட்ட வெற்றியைப் பாதி மதிப்பெண்ணோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சோப்புத் தண்ணீரின் நிலை சற்று மேல். அது நீளத்தைக் கூட்டுவதில்லை, உராய்வைக் குறைக்கிறது. ஏற்கெனவே பள்ளத்தில் இறங்கத் தயாராக இருக்கும் கம்பியை வழுக்கி இறங்கச் செய்யும். விளிம்பைத் தாண்டும் கணத்திலும் உதவும். அதுவே அதன் எல்லையும். எஃகு ரிம்மில் ஈரம் துருவுக்கு வழிவைக்கும். காயும் முன் ஓட்டிப் பிரேக் பிடித்தால் டயர் ரிம்மில் நகர்ந்து வால்வின் கழுத்தை அறுக்கும். எண்ணெய் பூசுவோர் இதைவிடப் பெரிய பிழை செய்கிறார்கள்: சோப்பு காய்ந்துவிடும், எண்ணெய் காயாது, ரப்பரையும் கெடுக்கும். முகத்துக்குப் பூசும் பவுடரை டயருக்குள் தூவுவது நல்ல பழக்கம்தான். ட்யூப் டயரோடு ஒட்டாமல் இருக்க அது உதவும். கம்பி ஏற உதவும் என்று எதிர்பார்ப்பது அதன் மேல் ஏற்றும் வீண் சுமை.

இனி லீவர். இது அதிகம் ஏசப்படுவதும் அதிகம் புழங்குவதுமான கருவி. நியாயமாகச் சொன்னால், டயரைக் கழற்றுவதற்கு லீவர் குறையற்றது. இரண்டு லீவர், ஒன்றின் வாலைப் போக்ஸில் மாட்டிக்கொண்டு மற்றதால் நெம்பினால் போதும். ஏற்றுவதில்தான் அதன் குணம் மாறுகிறது. கழற்றும்போது காற்றுப் போன ட்யூப் தளர்ந்து உள்ளே கிடக்கும். ஏற்றும்போது, அதுவும் வடிவம் நிற்கக் கொஞ்சம் காற்று ஊதியிருந்தால், அதே ட்யூப் கம்பிக்கும் ரிம்முக்கும் நடுவே வந்து நிற்கும். லீவரின் நுனி போகும் இடமும் அதுவே. கடித்துவிட்டால் பஞ்சர். இதன் அடையாளம் தெளிவானது: ஓட்டை தரைப் பக்கம் இராது, ரிம் பக்கம் சிறு கீறலாக இருக்கும். முள்ளோ ஆணியோ அந்தப் பக்கம் வந்து குத்துவது அரிது. உப்புத்தாளால் தேய்த்துச் சொல்யூஷன் தடவும் முன் ஓட்டை எந்தப் பக்கம் என்று பார்த்தால், குற்றவாளி சாலையா நம் கையா என்று தெரிந்துவிடும்.

லீவரின் இன்னொரு குற்றம் நுட்பமானது: அது காரணத்தை மறைக்கிறது. கம்பி எதிர்ப்பக்கத்தில் மேடை மேலேயே உட்கார்ந்திருந்தாலும் போதுமான பலத்தோடு நெம்பினால் சில நேரம் ஏறிவிடும். ஏற்றியவர், டயர் இறுக்கம், லீவர் வென்றது என்று எழுந்து போவார். உண்மையில் தோற்றது கம்பி. எஃகானால் வளைந்திருக்கும்; மடிப்பு டயரில் கம்பிக்குப் பதிலாக வரும் அராமிட் இழையானால் உள்ளே நைந்திருக்கும். அந்தச் சேதம் உடனே கண்ணில் படாது. திருப்புளியையும் ஸ்பேனர் வாலையும் லீவராக்குவது இதே குற்றத்தின் கூர்மையான வடிவம். நைலான் லீவர் ரிம்மைக் கீறாது என்பதால் மேல். நெம்பும் தத்துவத்தில் இரண்டுக்கும் வேறுபாடில்லை.

வெறுங்கை முறைக்கு வருவோம். இதைப் புகழ்வோர் பெரும்பாலும் தங்கள் கட்டைவிரலைத்தான் புகழ்கிறார்கள். அதனாலேயே முறைக்கு உரிய பெருமை அதற்குக் கிடைக்காமல் போகிறது. எங்கள் தெருமுனைக் கடைக்காரர் 28 டயர் ஏற்றுவதை நெருங்கி நின்று பார்த்திருக்கிறேன். பலகையில் உட்கார்ந்து, சக்கரத்தைக் கால்களுக்கிடையில் நிறுத்திக்கொள்வார். முதல் ஓரம் முன்பே உள்ளே போயிருக்கும். இரண்டாம் ஓரத்தின் பெரும்பகுதியும் போனபின், மிச்சம் உள்ள இடத்தைத் தரைப்பக்கம் வைத்துக்கொண்டு, உச்சியில் இரு கைகளையும் பதித்து டயரைக் கிள்ளி நடுவுக்குத் தள்ளுவார். பிறகு இரண்டு கையும் இரண்டு பக்கமாக, பால் கறப்பதுபோல, மேலிருந்து கீழே உருவிக்கொண்டே வரும். இரண்டு தடவை, சில வேளை மூன்று. கை கீழே வந்து சேரும்போது அங்கே கம்பி தொளதொளத்திருக்கும். கடைசிச் சாணை விரல் நுனியால் அல்ல, உள்ளங்கையின் அடிமேட்டால் உருட்டிவிடுவார். முகத்தில் முக்கல் இல்லை, கையில் நடுக்கம் இல்லை. நம் கணக்கின் 9 மி.மீ. உச்சியிலிருந்து அடிக்கு இடம் மாறும் காட்சி அது. கணக்கை அவர் எழுதிப் பார்த்ததில்லை; கைக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் கைக்குத் தெரிந்ததற்கும் ஓர் எல்லை உண்டு. அதே கடைக்காரரிடம் என் 700சி சைக்கிளைக் கொடுத்தபோது அந்தக் கை தடுமாறியது. வழக்கம்போல் வால்வு இருக்கும் இடத்தில் தொடங்கி எதிர்ப்பக்கத்தில் முடிக்கப் பார்த்தார். கடைசிச் சாண் அசையவில்லை. ஸ்பேனர் வந்தது, ட்யூப் கடிபட்டது, இன்னொரு பஞ்சர் ஒட்டினோம். பழியை அவர் மேல் போடுவது நியாயம் ஆகாது. இந்தத் துறையின் உண்மையான கருத்து வேறுபாடு ஒன்று அங்கே ஒளிந்திருக்கிறது: தொடங்க வேண்டியது வால்விலா, முடிக்க வேண்டியது வால்விலா?

வால்வில் தொடங்கும் கட்சிக்கு நியாயம் உண்டு. வால்வு எப்படியும் முதலில் துளைக்குள் போயாக வேண்டும். அங்கேயே டயரையும் ஏற்றிவிட்டால் ட்யூப் நிலைபெறும், முறுக்கிக்கொள்ளாது. வால்வு சாயாமல் நேராக நிற்கும். ஒழுங்கு தெரிகிறது. ஆனால் அந்த ஒழுங்கின் விலை என்ன? வால்வின் அடிப்பகுதி தடித்தது. அது பள்ளத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் கம்பி இறங்க வழியில்லை. கடைசிச் சாணுக்கு நேர் எதிரே, எந்த இடத்தில் இறக்கம் அதிகம் தேவையோ அதே இடத்தில், முட்டுக்கட்டையைக் கொண்டுபோய் வைத்தது போலாகிறது. வால்வுக்கு எதிரில் தொடங்கி வால்வில் முடிக்கும் கட்சி இந்த முட்டுக்கட்டையை முடிவிடத்துக்கு நகர்த்திவிடுகிறது. முடிவிடத்தில் கம்பி மேலே ஏறத்தான் போகிறது. அங்கே பள்ளம் அடைபட்டால் இழப்பு சிறிது. இந்தக் கட்சிக்கும் குறை உண்டு: முடிந்தபின் வால்வடியில் ட்யூப் கம்பிக்குக் கீழே சிக்கியிருக்கலாம். அதற்கு மருந்து எளியது. வால்வு நட்டை இறுக்காமல் விட்டு, ஏறியபின் வால்வை ஒருமுறை உள்ளே அழுத்தி விட்டால் ட்யூப் மேலே ஒதுங்கும். பிறகு நட்டு, பிறகு காற்று. எடைபோட்டால் வால்வில் முடிப்பதே முறை. வால்வில் தொடங்குவது, இடம் தாராளமாக உள்ள சக்கரங்கள் மன்னித்துவிட்ட பழக்கம். 28 டயர் மன்னித்தது, 700சி மன்னிக்கவில்லை. கடைக்காரரின் கையில் இருந்தது சரியான அசைவு. தவறியது தொடங்கிய இடம் மட்டுமே.

கையின் புகழ்பாடிகள் இன்னொன்றையும் கவனிப்பதில்லை: சில சமயம் பள்ளமே திருடுபோயிருக்கும். போன மழைக்காலத்தில் அப்பாவின் பழைய சைக்கிளுக்குப் பின்டயர் மாற்றினேன். ரிம் அதே, டயர் அதே அளவு, எண்ணும் பொருந்துகிறது. ஆனாலும் கடைசிச் சாண் முக்கால் மணி நேரம் பிடிவாதம் பிடித்தது. கழற்றிப் பார்த்தால், போக்ஸ் நிப்பிள்களின் தலை ட்யூபைக் குத்தாமல் இருக்க யாரோ பழைய ட்யூபை நாடாவாக அறுத்து இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார்கள். அடியில் பழைய ரிம் டேப்பும் அப்படியே. மூன்றும் சேர்ந்து பள்ளத்தை ஏறத்தாழ 2 மி.மீ. தூர்த்திருந்தன. அரைச் சுற்றுக்கு 6 மி.மீ.க்கும் மேல் இழப்பு. எல்லாவற்றையும் உரித்துவிட்டு மெல்லிய டேப் ஒரு சுற்று மட்டும் ஒட்டினேன். அதே டயர், அதே கை, எதிர்ப்பே இல்லாமல் ஏறியது. முதலில் நான் லீவரை எடுக்காததற்கு என் ஒழுக்கம் காரணமல்ல, அன்று வீட்டில் லீவர் இல்லை. இருந்திருந்தால் நெம்பி ஏற்றிவிட்டு, அந்த டயர் இறுக்கமானது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பேன்.

கைக்குத் துணையாகும் இரு சிறு கருவிகளுக்கும் உரிய இடம் தர வேண்டும். ஒன்று வார். ஏற்றிய பகுதி திரும்ப நழுவாமல் இருக்கவும், கம்பி பள்ளத்திலிருந்து மேலே தவழாமல் இருக்கவும் டயரையும் ரிம்மையும் சேர்த்து இரண்டு மூன்று இடங்களில் இறுக்கிக் கட்டுவது. பிளாஸ்டிக் டை போதும்; அறுத்த பழைய ட்யூப் நாடா அதைவிட மேல், காசும் இல்லை. இது மூன்றாவது கையின் வேலையைச் செய்கிறது. தனியே யாரும் நம்ப வேண்டியதில்லை, கைமுறையோடு சேரும்போது நிறைவானது. மற்றொன்று, எதிர்ப்பக்க விளிம்பில் ஊன்றிக்கொண்டு இந்தப் பக்கக் கம்பியைக் கொக்கியால் மேலே தூக்கிப் போடும் நெம்புகருவி. லீவரைப்போல் கம்பிக்கு அடியில் நுழைவதில்லை, வெளியிலிருந்து பிடிக்கிறது. ஆகவே ட்யூபைக் கடிக்க வாய்ப்பு மிகக் குறைவு. விரலில் வலு குறைந்தவருக்கு இது உண்மையான உதவி. குறை அதன் நீளம். சட்டைப்பைக்கு அது பொருந்தாது. கம்பி பள்ளத்தில் இறங்காத நிலையில் இதைப் பயன்படுத்தினாலும், லீவரின் அதே பாவம் கொஞ்சம் நாகரிகமாக நடக்கும்.

இதுவரை விசாரித்தது கையை. உற்பத்தியாளரும் கூண்டில் ஏற வேண்டும். எல்லாக் கைமுறையும் சரியாக இருந்தும் ஏறாத ஜோடிகள் உண்டு. அளவின் வரம்புக்குள் மேல்கோடியில் நிற்கும் ரிம்மும் கீழ்க்கோடியில் நிற்கும் டயரும் சேர்ந்தால், தனித்தனியே இருவரும் குற்றமற்றவர்கள், சேர்க்கைதான் குற்றம். விட்டத்தில் 1 மி.மீ. வேறுபாடு சுற்றளவில் 3 மி.மீ.க்கு மேல். இறுக்கத்தை முழுக்கக் குறை என்று சொல்லவும் முடியாது. தளர்ந்த கம்பி காற்றழுத்தத்தில் ரிம்மை விட்டு எகிறும், ட்யூப் வெடிக்கும். இறுக்கத்தின் ஒரு பங்கு ஓட்டுபவரின் உயிர்க்காப்பு.

ட்யூப்லெஸ் டயர்கள் வந்தபின் இந்தச் சமநிலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. உள்ளே ட்யூப் இல்லாததால் கம்பி மேடையில் காற்றுப் புகாதபடி கவ்வ வேண்டும். சில ரிம்களில் கம்பி பள்ளத்துக்குத் திரும்பாமல் இருக்க மேடையோரம் சிறு மேடும் உண்டு. பஞ்சர் பெரும்பாலும் உள்ளே ஊற்றியிருக்கும் அடைப்புத் திரவத்தாலேயே அடைபடும். பாராட்ட வேண்டிய சாதனை அது. அடைபடாத நாளில்தான் விலை தெரியும். சாலையோரத்தில் ட்யூப் ஒன்றைப் போட்டுப் பிழைக்கலாம் என்று முயன்றால், அதே கவ்வல் நம்மை உட்காரவைத்துவிடும். உள்விளிம்பில் கொக்கி இல்லாத ஹூக்லெஸ் ரிம்கள் இன்னொரு படி போயிருக்கின்றன: டயரைப் பிடிக்கும் பொறுப்பு முழுவதும் கம்பியின் இறுக்கத்தில். அவற்றுக்கு அழுத்த உச்சவரம்பு 5 பார். இது புதுமை என்று விற்கப்படுகிறது. வடிவத்தை மட்டும் பார்த்தால் இது வெல்ச்சுக்குத் திரும்புவதுதான். அப்பாவின் ராடு பிரேக் சைக்கிள் ரிம்முக்கும் கொக்கி கிடையாது. வேறுபாடு, அந்தப் பழைய டயர் அகலமானது, குறைந்த அழுத்தத்தில் மெதுவாக உருண்டது. 2024 பிப்ரவரியில் யு.ஏ.இ. டூர் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி ஜென்டின் டயர் ஹூக்லெஸ் ரிம்மை விட்டுக் கழன்று அவர் விழுந்தபோது, சர்வதேச சைக்கிள் சங்கமே இந்த ரிம்களை ஆராயப்போவதாக அறிவிக்க நேர்ந்தது. ஒரு விபத்தை வைத்து ஒரு தொழில்நுட்பத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் கொக்கியின் வேலையை இறுக்கத்தின் தலையில் கட்டினால், அந்த இறுக்கத்தைக் கடைசியில் சுமப்பது ஓட்டுபவரின் கட்டைவிரல் என்பதை வடிவமைப்பாளர் கணக்கில் சேர்த்ததாகத் தெரியவில்லை.

ஆகவே என் தரவரிசை இது. வால்வுக்கு எதிரில் தொடங்கி, கம்பியைப் பள்ளத்தில் இறக்கி, மேலிருந்து கறந்து வந்து வால்வில் உருட்டி முடிக்கும் கைமுறைக்கு முதலிடம். நான்கு அளவுகோலிலும் தேறுவது இது ஒன்றே. வாரால் கட்டுவது அதன் தகுந்த துணை. கொக்கி நெம்புகருவி வலுக் குறைந்த கைக்கு ஏற்றது, வீட்டோடு நிற்கட்டும். சோப்புத் தண்ணீர் சிறு உதவி. வெயில் காரணம் புரியாத நம்பிக்கை. லீவர் கழற்றுவதற்கு முழுத் தகுதி உடையது. ஏற்றுவதற்கு, மற்ற எல்லாம் சரிபார்த்தபின் மட்டும், கடைசிச் சாட்சியாக அழைக்கலாம். டயர்களுக்கும் ரிம்களுக்கும் நான் வைக்கும் அளவுகோல் இன்னும் கடுமையானது. இரண்டு லீவரோடு, சராசரி வலுவுள்ள ஒருவர் சாலையோரத்தில் கழற்றி மாட்ட முடியாத டயர் எவ்வளவு வேகமாக உருண்டாலும் முழுமையான வடிவமைப்பு என்ற பெயருக்கு உரியதாகாது. சக்கரத்திலிருந்து காற்று இறங்கும் நாளும் அதன் பயன்பாட்டு நாள்தான்.

என்னிடம் இருக்கும் இரண்டு சைக்கிள்களில் ஒன்றின் பின்சக்கரம் இந்தத் தேர்வில் மயிரிழையில் தேறியது. அதற்காக ஒரு நைலான் லீவரைப் பையில் வைத்திருக்கிறேன், வெட்கப்படாமல். ஆனால் அதை எடுக்குமுன் சக்கரத்தைத் திருப்பி எதிர்ப்பக்கத்தை ஒருமுறை கிள்ளிப் பார்ப்பேன். பெரும்பாலும் அங்கே கம்பி, நான் இறக்கிவிட்டதாக நினைத்த கம்பி, மேடை மேல் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். உள்ளே தள்ளிவிட்டு, மறுபடி மேலிருந்து உருவ வேண்டும். லீவர் பைக்குள்ளேயே இருக்கும்.